ஏலக்காய்க்கு மட்டும் போதுமா?

போடியில் ஏலக்காய்க்கு இருக்கிற மரியாதை மனிதருக்கு இல்லை. சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நின்றால் தனி விலை. அப்புறம் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம். குரங்கணி மலைச்சரிவில் அந்தக் காயைப் பறிக்கும் அக்காவுக்கோ ஆண்டு மதிப்பீடே கிடையாது. அநியாயம்!

உடனே படிவம் கொடுக்க வேண்டும். ஐந்தாண்டில் உங்களை எங்கே காண்கிறீர்கள்? "இதே செடிக்கு அடியில குத்தவச்சுத்தான் சார், இடுப்பு ஒத்துழைச்சா." லட்சியம் போதாது, மதிப்பெண் கட். அட்டை கடித்தபோது புன்னகைத்தாரா? அது குழு மனப்பான்மை.

ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜாக் வெல்ச், ஆண்டுதோறும் கடைசிப் பத்து சதவீதத்தினரைக் கழித்துவிடச் சொன்ன மகான். மைக்ரோசாஃப்ட் இந்த வகைத் தரவரிசையை 2013-இல் கைவிட்டது; பொறுமை இல்லாதவர்கள். பத்துப் பேரும் ஒழுங்காகப் பறித்தாலும் ஒருவர் மட்டமாகத்தான் இருந்தாக வேண்டும். சல்லடைக்கு இந்தக் கறார் வராது. எல்லாம் பருத்த காயென்றால் அத்தனையையும் நிறுத்திக்கொள்ளும், அசடு.

மதிப்பீடு முடியும்போது ஊதிய உயர்வுக்கு ஒதுக்கிய பணம், அதைத் திறம்பட நடத்திய மேலாளருக்கே சரியாகப் போயிருக்கும். அக்காவுக்குச் சான்றிதழ். லேமினேட் செய்தது, மழையில் தலைக்குப் பிடிக்கலாம்.