நன்றியுரையில் கடைசி வரி

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவரை எல்லோருக்கும் தெரியும். புத்தகம் கொடுப்பார், வாங்குவார், அபராதம் போடுவார். இரண்டாம் மாடியில், ஏ.சி. உண்மையிலேயே ஓடுகிற ஒரே அறையில், இன்னொருவர் இருக்கிறார். வாசலில் 'ஆய்வுச் சேவைப் பிரிவு' என்று பலகை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வேளை வரும்வரை அப்படி ஒருவர் இருப்பதே ஆய்வு மாணவர்களுக்குத் தெரியாது. வந்த பிறகு ஒரு மாதத்துக்கு அவரைத் தவிர வேறு யாரையும் தெரியாது.

ஆளை லேசாக எடை போட்டுவிடக் கூடாது. முதலில் ஒரு எம்.எஸ்ஸி., அப்புறம் எம்.லிப்., அப்புறம் நெட், அப்புறம் முனைவர். யு.ஜி.சி. கணக்கில் உதவி நூலகரும் உதவிப் பேராசிரியரும் ஒரே சம்பள நிலை. ஆனால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை மாமா கேட்பது ஒன்றுதான்: "லைப்ரரியிலயா? கொடுத்து வச்சவன்டா. உட்கார்ந்து நிறையப் படிக்கலாமே!" வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு புத்தகத்தைக்கூட முழுசாகப் படித்ததில்லை என்பதை இவர் சொல்ல மாட்டார். தலைப்பு, பொருளடக்கம், பின்னட்டை, கடைசியில் உள்ள சொல்லடைவு. இவ்வளவு போதும், எழுதியவருக்கே தெரியாத சங்கதியெல்லாம் சொல்லுவார்.

மனிதர்களையும் எண்ணாகத்தான் பார்ப்பார்.

"என்ன டிபார்ட்மென்ட்மா?"

"தமிழ் சார்."

"894.811. கடைசி ரேக்குக்கு முந்தின ரேக்."

அதோடு விட்டால் தப்பித்தோம். "ஏன் அங்க இருக்குன்னு கேட்க மாட்டியா?" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் போகும். 1876-இல் டியூவி என்கிற அமெரிக்கர் உலக அறிவையெல்லாம் பத்தாகப் பிரித்துப் போட்ட கணக்கு அது. அதில் தமிழ் இலக்கியம் 894-க்குள் வருகிறது. அக்கம்பக்கத்தில் 894.511-இல் ஹங்கேரி, 894.541-இல் பின்லாந்து. மத வரிசை இன்னும் மோசம்: பைபிளும் கிறிஸ்தவமும் 220 முதல் 280 வரை தனித்தனி அறையாகப் பிடித்துக்கொள்ள, உலகத்தின் மற்ற மதங்கள் அத்தனையும் 290-இல் ஒண்டுக்குடித்தனம். "நம்ம சீர்காழி ரங்கநாதன் 1933-லேயே கோலன் பகுப்புமுறைன்னு ஒண்ணு எழுதி வச்சாரு. விட்டுட்டு, டியூவியைக் கட்டிக்கிட்டு அழுறோம்!" என்பார். அவருடைய அலமாரிகளிலும் டியூவிதான் என்பதை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. சுட்டிக்காட்டினால் இன்னொரு அரை மணி நேரம்.

ரங்கநாதன் இவருக்குக் குலதெய்வம். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வந்த புதிதில் சலித்துப்போய்ப் பழைய வேலைக்கே திரும்பிவிடப் பார்த்தார் என்பார்கள். நம்மவர் அந்தப் பகுதியைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஓர் அந்தரங்கமான நிம்மதி. ஆகஸ்ட் 12, ரங்கநாதன் பிறந்தநாள், நாடு முழுவதும் நூலகர் தினம். படத்துக்கு மாலை போட்டு, கேசரி கொடுத்து, சிறப்பு விருந்தினராக நூலகப் படியேறியே பழக்கமில்லாத ஒரு பேராசிரியரை அழைத்து வருவார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "கணிதமேதை ராமானுஜன் நூலகத்துக்கு ஆற்றிய தொண்டு..." என்று தொடங்குவார். நம்மவர் அடுத்த ரவுண்டு காபி வந்ததா என்று பார்க்கப் போய்விடுவார்.

உண்மையான அதிகாரம் அவரிடம் வருவது, ஆய்வேட்டில் எவ்வளவு அடுத்தவர் எழுத்து என்று மென்பொருளில் போட்டுப் பார்க்கும்போதுதான். யு.ஜி.சி.யின் 2018 விதி அவருக்கு மனப்பாடம். 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொண்டுவர வேண்டும். 60 வரை என்றால் ஒரு வருடம் சமர்ப்பிக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

"எவ்வளவு சார் வந்திருக்கு?"

"நாற்பத்தேழு."

"ஒரு ஒம்பதுக்குக் கொண்டு வந்துருங்க சார், ப்ளீஸ். மாப்பிள்ளை வீட்டுல டாக்டரேட் முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க சார்."

"நான் எழுதலையேம்மா, நான் எப்படிக் குறைக்கிறது?"

எந்தப் பக்கம் எங்கிருந்து வந்தது என்று அறிக்கை வண்ண வண்ணமாகக் காட்டும். அதில் ஒரு தனி தர்மசங்கடம் உண்டு. நாடெங்கும் உள்ள ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் 'சோத்கங்கா' தளத்திலிருந்து சிவப்பாக வந்து நிற்கும் நாற்பது பக்கமும், நெறியாளர் தன் காலத்தில் எழுதிய ஆய்வேடாக இருக்கும். நெறியாளர் யாரைப் பார்த்து எழுதினார் என்பதும் இவருக்குத் தெரியும். இரண்டையும் வெளியில் சொல்ல மாட்டார். அறிக்கையை நாலாக மடித்து, "சார்கிட்ட நேர்ல கொடும்மா, வாட்ஸ்அப்ல அனுப்பாத" என்பதோடு சரி.

பழைய தமிழ் ஆய்வேடுகளைக் கணினியில் தேடச் சொன்னால் வேறு கூத்து. பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே பி.டி.எஃப். ஆக்கி ஏற்றியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரிவது சிலப்பதிகாரம். உள்ளே மென்பொருள் படிப்பதோ அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த ஆங்கில எழுத்துக் குவியல். எதோடும் ஒத்துப்போகாது. "பூஜ்யம் சதவீதம்! உலகத்திலேயே ஒரிஜினலான ஆராய்ச்சி" என்று சிரிப்பார்.

இவ்வளவு தெரிந்தவருக்கும் பேராசிரியர்களிடம் புத்தகத்தைத் திரும்ப வாங்கும் வித்தை தெரியாது. மாணவனுக்கு ஒரு நாள் தாமதம் என்றாலும் அபராதம். துறைத்தலைவர் வீட்டு ஷோகேஸில் பதினைந்து வருடமாக இருக்கும் கலைக்களஞ்சியத் தொகுதிக்கு நினைவூட்டல் கடிதம் மட்டும். ஓய்வுபெறும்போது 'நோ டியூஸ்' கையெழுத்துக்கு வந்துதானே ஆக வேண்டும் என்று காத்திருப்பார். அன்றைக்கு டிரைவர் இரண்டு அட்டைப்பெட்டியோடு வருவார். பாதிப் புத்தகங்கள் நம் நூலகத்தினுடையவையே அல்ல. வேறு ஊர் முத்திரை. மத்திய அரசின் பொது நிதி விதிகளில், வருடத்துக்கு ஆயிரம் புத்தகம் புழங்கினால் ஐந்து தொலைவது நியாயம்தான் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விதியை எழுதியவருக்கும் வீட்டில் ஒரு ஷோகேஸ் இருந்திருக்க வேண்டும் என்பது இவருடைய ஆராய்ச்சி முடிவு.

ஆய்வேடு பைண்டு ஆகி வந்ததும் அவர் முதலில் திருப்புவது முடிவுரையை அல்ல, நன்றியுரையை. கடவுள், பெற்றோர், நெறியாளர், நெறியாளரின் துணைவியார், துணைவேந்தர், தட்டச்சு செய்த அக்கா, விடுதி நண்பர்கள் எல்லோரும் இருப்பார்கள். கடைசி வரியில், "மற்றும் நூலகப் பணியாளர்கள் அனைவருக்கும்." இவர் அந்த 'அனைவரில்' ஒருவர். பேசாமல் மூடி, முதுகில் எண் ஒட்டி, அலமாரிக்கு அனுப்பிவிடுவார்.

ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்றியுரையில் அவர் பெயரைத் தனி வரியில் போடுங்கள். இனிஷியலைக் கேட்டுப் போடுங்கள். முன்னால் 'முனைவர்' என்று மறக்காமல் சேர்த்துவிடுங்கள். 10 சதவீதக் கணக்கில் நன்றியுரை சேராது.