நவாபின் கால்விரல்களும் உருகாத சாமிகளும்

1652 செப்டம்பரில் கண்டிக்கோட்டைக்கு முத்து விற்க வந்த பிரெஞ்சு வியாபாரி ழான் பாப்டிஸ்ட் தாவெர்னியே, கோட்டையை அப்போதுதான் பிடித்திருந்த கோல்கொண்டா மந்திரி நவாப் மீர் ஜும்லாவைக் கூடாரத்தில் போய்ப் பார்த்தார். நவாப் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். கால்விரல்களின் இடுக்குகளில் கடிதங்கள். இடது கைவிரல்களிலும் கடிதங்கள். காலிலிருந்து ஒன்று, கையிலிருந்து ஒன்று என்று உருவி, எதிரே இருந்த எழுத்தர்கள் இருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த விரலில் அவசரம், எந்த விரலில் நிலுவை என்று தாவெர்னியே எழுதிவைக்கவில்லை. கோல்கொண்டா சுல்தானின் ஓலை கால் சுண்டுவிரலில் இருந்திருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

கூடாரத்துக்கு வெளியே கைதிகள் நான்கு பேர் காத்திருந்தார்கள். நவாப் அரைமணி நேரத்துக்கும் மேலாக அவர்களைக் கண்டுகொள்ளவில்லை, கடிதம்தான். பிறகு திடீரென்று உள்ளே கூப்பிட்டார், விசாரித்தார். ஒருவனுக்குக் கைகால் போயிற்று, ஒருவனுக்கு வயிறு கிழிந்தது, இருவருக்குத் தலை போயிற்று. இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே சாப்பாடு பரிமாறினார்கள். தாவெர்னியே எவ்வளவு சாப்பிட்டார் என்பதும் பதிவாகவில்லை.

இந்தக் காட்சிக்கு ஏற்ற மேடைதான் கண்டிக்கோட்டை. கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகுக்குப் பக்கத்தில், எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு நடுவில் அறுத்துக்கொண்டு போகிறது. நம் விழுப்புரம், கடலூர்ப் பக்கம் வரும் தென்பெண்ணை இல்லை, அதன் உடன்பிறப்பு. இரண்டும் நந்தி மலைப் பக்கம் பிறந்து, சொத்துத் தகராறு வந்ததுபோல ஒன்று நெல்லூருக்கும் மற்றது கடலூருக்கும் போய்விட்டன. செங்குத்தான சிவப்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு ஆழத்தில் கிடக்கிறது. பயணப் பிரசுரங்கள் எல்லாம் இதை கிரானைட் என்கின்றன. புவியியலாளர்கள் ‘கண்டிக்கோட்டை குவார்ட்சைட்’ என்று ஊர்ப் பெயரையே வைத்து, அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டு வயது சொல்கிறார்கள். இவ்வளவு வயதான பாறையை ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்று அழைப்பது மரியாதைக் குறைவு. அமெரிக்கக்காரர்கள் தங்களுடையதை ‘அரிசோனாவின் கண்டிக்கோட்டை’ என்று ஒருநாளாவது சொல்லியிருப்பார்களா? கிராண்ட் கேன்யனின் நீளம் 446 கிலோமீட்டர் என்பது வேறு விஷயம்.

கோட்டை வாசல் கடந்து ஊருக்குள் நுழைந்தால் சிறைச்சாலை என்று சொல்லப்படும் கட்டடம், களஞ்சியம், ஜாமியா மசூதி, மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில். அவற்றைத் தாண்டிப் பாறைமேல் பாறையாக ஏறி விளிம்புக்குப் போகலாம். அங்கே கைப்பிடிக் கம்பி தேடுகிறவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆற்றுக்கு இறங்குவதும் உண்டு. அதைப் பாதை என்று சொல்வது பெருந்தன்மை. உருண்டு கிடக்கும் பாறைகளுக்கு நடுவே கையும் காலும் உட்காரும் இடமும் மாறி மாறி வேலைசெய்ய வேண்டியிருக்கும். இறங்கும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த கூட்டம் ஏறும்போது தியானத்தில் இருக்கும்.

அப்படி மூச்சுவாங்கி ஏறுகிறபோதுதான், இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் மூளைக்காரன் என்று புரிகிறது. பெம்மசானி நாயக்கர்கள் இங்கே விஜயநகரத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகக் காவலிருந்தார்கள். ஒரு பக்கம் ஆறு தோண்டிய அகழி. ராஜா காசு கொடுத்து வெட்டவில்லை, தூர்வாரும் செலவும் இல்லை. மலைமேல் ஏறும் வழி சில இடங்களில் ஏழெட்டு அடி அகலம்தான் என்கிறார் தாவெர்னியே. மேலே சமவெளியில் நெல்லும் தினையும் விளைந்தன, ஊற்றுத் தண்ணீர் இருந்தது. எதிரி கீழே வெயிலில் வேகும்போது மேலே அறுவடை பார்க்கலாம். கோட்டைக்குள் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் திமிர் இருந்திருந்தால் தப்பில்லை.

மீர் ஜும்லா மூன்று மாதம் முற்றுகையிட்டுப் பார்த்தார். பாரசீகத்து எண்ணெய் வியாபாரியின் மகன். வைர வியாபாரத்தில் பணம் பார்த்து, கோல்கொண்டாவில் மந்திரியானவர். அப்படிப்பட்டவர் மலையைப் பார்த்தால் மலை தெரியாது, விலை தெரியும். பீரங்கி மேலே ஏறினால்தான் கோட்டை விழும். ஏற்றுவது யார்? சுல்தானிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஐரோப்பியப் பீரங்கிக்காரர்களைக் கூப்பிட்டார். பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், டச்சுக்காரர், இரண்டு மூன்று இத்தாலியர். பீரங்கியை மேலே ஏற்ற வழி கண்டுபிடித்தால் வழக்கமான சம்பளத்துக்கு மேல் ஆளுக்கு நான்கு மாதச் சம்பளம் என்றார்.

வழி உடனே கிடைத்துவிட்டது.

நான்கு பீரங்கிகள் மேலே போயின. வாசலைப் பார்த்து வைத்தார்கள், வாசல் நொறுங்கியது, உள்ளே இருந்தவர்கள் நல்ல நிபந்தனைகள் கேட்டுச் சரணடைந்தார்கள். உள்ளூர்க் கதைகளில் துரோகம், விஷம் எல்லாம் வரும். கேட்க அவைதான் நன்றாக இருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுப் பாறை நான்கு மாத போனஸுக்கு விழுந்தது என்று எந்த ஊர்க்காரர்தான் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்?

ஜெயித்த நவாபுக்கு இன்னும் பீரங்கி வேண்டும் என்று தோன்றியது. இருபது, பத்து பெரியது, பத்து அதற்கடுத்தது. செம்புக்கு எங்கே போவது? சுற்றுவட்டாரக் கோயில்களின் சிலைகளை அள்ளிக்கொண்டு வரச்சொன்னார். வார்த்துக்கொடுக்கும் வேலை பூர்ஜ் நகரத்து க்ளோத் மாயே என்ற பிரெஞ்சுக்காரருக்கு.

மாயே அடுப்பை மூட்டினார். வெளியூர் சாமிகள் ஒவ்வொன்றாக உருகினார்கள். கண்டிக்கோட்டைக் கோயிலில் ஆறு செம்புச் சிலைகள் இருந்தன. மூன்று உட்கார்ந்தவை, மூன்று பத்தடி உயரத்தில் நின்றவை. இந்த ஆறு பேர் மட்டும் உருகமாட்டோம் என்றார்கள். நவாப் பணத்தைக் கொட்டினார். ம்ஹும். செம்பு உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். பத்தடி உருவத்தை அவ்வளவு சூடாக்க எத்தனை வண்டி கரியும் எத்தனை துருத்தியும் வேண்டும் என்று மாயே கணக்குப் போட்டாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நவாபுக்குச் சந்தேகம் வேறு பக்கம் போயிற்று. அர்ச்சகர்கள்தான் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று அவர்களை மிரட்டினார்.

அர்ச்சகர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இல்லை என்றால் நவாப் நம்பமாட்டார்; ஆமாம் என்றால் தலை போகும். ஆனால் அன்று சாயங்காலம் அக்ரஹாரத்தில் அவர்கள் நடந்த நடையே வேறாக இருந்திருக்கும் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

கடைசியில் மாயே ஒரு பீரங்கிகூட முழுசாகச் செய்யவில்லை. ஒன்று பிளந்துபோயிற்று, இன்னொன்று அரைகுறையாக நின்றது. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, சில காலத்தில் வேலையையும் விட்டுவிட்டார். தலை முழுசாக இருக்கும்போதே மீர் ஜும்லாவின் வேலையை விட்டவர் என்ற முறையில் அவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று மாதவராயர் கோயிலிலும் ரங்கநாதர் கோயிலிலும் கருவறைகள் காலி. வெளிச்சுவர்களில் காதலர்கள் தங்கள் பெயரைக் கீறிவைத்திருக்கிறார்கள். நவாப் முத்திரையைவிட ஆழமாக.

கண்டிக்கோட்டை வெற்றிக்குப் பிறகு மீர் ஜும்லாவின் வளர்ச்சி கோல்கொண்டா சுல்தான் அப்துல்லா குதுப் ஷாவின் கண்ணை உறுத்தத் தொடங்கியது. மந்திரி தனியாகப் படை வைத்திருக்கிறார், தனியாக நாடு பிடிக்கிறார், வைரத்தைத் தனியாக மூட்டை கட்டுகிறார். ஆனாலும் யார் முதலில் முறைத்துக்கொள்வது என்று இருவரும் நாள் கடத்தினார்கள். 1655இல் அந்த முடிச்சை அவிழ்த்தது நவாபின் மகன் முகமது அமீன். முட்டக் குடித்துவிட்டு தர்பாருக்கு வந்தவர், சுல்தான் உட்காரும் இடத்திலேயே படுத்துத் தூங்கி, அங்கேயே வாந்தியும் எடுத்துவைத்தார். சுல்தான் அவரைக் குடும்பத்தோடு சிறையில் போட்டார். தக்காணத்தில் இப்படி ஒரு சாக்குக்காகவே காத்திருந்த அவுரங்கசீப், பையனை விடச்சொல்லி 1656இல் படையோடு கோல்கொண்டா வாசலுக்கு வந்து நின்றார். மீர் ஜும்லா முகலாயர் பக்கம் போய், ஷாஜகானின் வசீராகவே ஆகிவிட்டார். சுல்தான் அன்றைக்கு விரிப்பைத் துவைக்கப் போட்டுவிட்டுப் பையனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பியிருந்தால் இவ்வளவு செலவாகியிருக்காது.