சரித்திரம் படைக்க வேண்டாம், தேறினால் போதும்!

கேள்வி: மகள் கணிதம், அறிவியல், தமிழ் எல்லாவற்றிலும் ‘ஏ’ எடுப்பாள். சரித்திரப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் தூக்கம். எஸ்.பி.எம்.மில் ஒரு பாடம்தானே, போனால் போகட்டுமா?
- ஒரு தாய், ஜாசின்

பதில்: போனால் சான்றிதழும் கூடவே போய்விடும், தாயே! மலாய், சரித்திரம் இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழ். சரித்திரம் 2013இல் இந்தக் கட்டாயத் தேர்ச்சிப் பட்டியலில் சேர்ந்தது. மற்றதெல்லாம் ‘ஏ’வாக இருந்து இதில் ‘ஜி’ வந்தால், கையில் மிஞ்சுவது முடிவுத் தாள்தான். ஒரு ஞாயிறு ஏ ஃபமோசா கோட்டை வாசலில் நிறுத்தி போர்த்துகீசியர் பிடித்த 1511ஐப் படிக்கச் சொல்லுங்கள். மலாக்கா வெயிலில் யாருக்குத் தூக்கம் வரும்?

‘ஈ’ வாங்கினாலும் பாஸ்தான். ஆனால் படிவம் ஆறுக்கு மலாயில் கிரெடிட், அதாவது ‘சி’யாவது வேண்டும். “எத்தனை ஏ?” என்பது சித்தப்பா கேள்வி; “எதில் கிரெடிட்?” என்பதுதான் மேற்படிப்புக் கேள்வி.

லோண்டாங் மெட்ரிகுலேஷன் கல்லூரியில் ஒரே வருடம் என்று அதையே நம்பி உட்காராதீர்கள். பூமிபுத்ரா அல்லாதவருக்கு அங்கே ஒதுக்கீடு 10 விழுக்காடுதான். படிவம் ஆறையும் பாருங்கள். உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மெர்லிமாவ் பாலிடெக்னிக்குக்கும் ஒரு மனுப் போட்டு வையுங்கள்.