ஒப்பந்தம் வரும் முன்னே, உலை வரும் பின்னே
மியான்மரின் த்வாண்டேயில் பானை வனையும் வீட்டுப் பிள்ளை அணுமின் நிலையத்தில் கடைநிலை வேலைக்கு ஆசைப்பட்டால், தகுதியில் குறையிருக்காது, நிலையம்தான் இருக்காது. ரஷ்யாவோடு மியான்மர் 2007-இல் 10 மெகாவாட் ஆய்வு உலைக்கு ஒப்பந்தம் போட்டது, உலை எழவில்லை. 2023-இல் யாங்கோனில் அணுத் தொழில்நுட்பத் தகவல் மையம் திறந்தார்கள். 2025 மார்ச்சில், மாஸ்கோவில், 110 மெகாவாட் சிறு அணுமின் நிலையத்துக்குக் கையெழுத்து. ஆக, இத்துறையில் இதுவரை தடையின்றி உற்பத்தியாவது கையெழுத்துதான். மின்வெட்டும் அதைத் தொடவில்லை. கூடங்குளத்துக்கே 1988 ஒப்பந்தத்திலிருந்து மின்சாரம் வர 2013 ஆகவில்லையா என்பார்கள். நியாயம்தான். ஆனால் இந்திய அணுமின் கழகம் பயிற்சித் தொழில்நுட்பருக்கு வைக்கும் பொதுவான வயது வரம்பு 24. அந்தக் கணக்கை இங்கே வைத்துப் பார்த்தால், 2007-இல் 18 வயதில் மனு எழுதியவர் இன்று மகனுக்கு எழுதித் தரலாம். பையனும் அவசரப்பட வேண்டியதில்லை.