டிக்கிக்கு முட்டுக்கொடுத்தல்

சாந்தோமில் வீடு என்றதும் சொந்தக்காரர்கள், "காத்து பிரமாதமா வருமே!" என்பார்கள். வரும். ஜன்னல் கம்பி, கேட் கீல், ஏசி எல்லாவற்றையும் தின்றுவிட்டு, கடைசியில் காரின் டிக்கிக்கு வரும். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிற சரக்கு. ஆகவே சொட்டு மழையில்லாத மே மாதத்திலும் எங்கள் தெருவில் துரு ஓவர்டைம் பார்க்கும்.

அம்பாசடர், பத்மினி காலத்தில் டிக்கி மூடி வெறும் தகடு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் ஹேட்ச்பேக் ராஜ்யம். கண்ணாடி, பூட்டு, சில வண்டிகளில் வைப்பர்கூட அந்த ஒரே கதவில். அத்தனை கனத்தையும் தாங்குபவை இரண்டு ஒல்லிக் குழாய்கள். உள்ளே நைட்ரஜனை அழுத்தி அடைத்திருப்பார்கள். குழாய்க்குள் போய்வரும் கம்பியில் துரு ஏறினால், அது சீலைக் கீறும், வாயு கசியும், கதவு மண்டையில் இறங்கும். என் வண்டியில் வாயுவும் போய், குழாயைப் பிடித்திருந்த ஸ்டட்டும் முறிந்தது. ஒட்டடைக்கொம்பைக் கதவுக்குப் பாதி உயரத்தில் முட்டுக்கொடுத்தோம். நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கினால் மனைவி கொம்பைப் பிடிக்க, நான் தலையை உள்ளே விடவேண்டும். காலையில் நடந்த வாக்குவாதம் எதுவும் அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வரக்கூடாது.

வண்டியைக் கொண்டுபோய் விட்டதும் டிங்கரிங் மாஸ்டர், "உள்பக்கம் பாக்கணும் சார்" என்றார். உள்பலகையைக் கழற்றும்போது, வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் அப்பளம் மாதிரி நொறுங்கின. ஒன்று உடைந்திருக்கிறது என்று போனால் அத்தனையும் காலி.

இயேசுவின் காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் தோமையார். அவர் பெயரால் அமைந்த ஊரில் மாஸ்டர் மட்டும் வேறு எப்படி இருப்பார்? கதவின் அடியில் ஸ்குரூடிரைவரால் குத்தினார். மறுபக்கம் வந்தது.

"பாத்தீங்களா சார், ஓட்டை!"

"நீங்க குத்தறவரைக்கும் இல்லையே மாஸ்டர்?"

கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் தண்ணீர் வெளியேறக் கதவின் அடியில் துளைகள் உண்டு. மணலும் உப்பும் அவற்றை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே அழுகும். கார் கழுவுகிறவர்கள் யாரும் இதைக் குனிந்து பார்ப்பதில்லை. கண்ணாடி மட்டும் பளபளக்கும்.

கிளிப்புக்குப் புதுப்பேட்டை. கடைக்காரர் உடைந்த துண்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, வண்டியின் வருஷத்தைச் சொல்லிவிட்டார். ஜோசியரிடம்கூட இந்தத் துல்லியம் கிடையாது. ஆனால், "கிளிப் தனியா வராது சார். முழுக் கதவா எடுத்துக்குங்க." டிக்கிக் கதவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறுவதா என்று யோசிப்பதற்குள் பையன் ஒருவன் எங்கிருந்தோ ஒரு பிடி கிளிப்புகளை அள்ளிவந்தான். ஏறக்குறைய பொருந்தின.

ஓட்டைக்குத் தகடு வெல்டிங், மேலே பட்டி, பெயின்ட், புது ஸ்டட், புதுக் குழாய்கள். வீட்டுக்கு வந்து பெருமையாகப் பித்தானை அழுத்தினேன். டிக்கி ஒரே மூச்சில் முழு உயரத்துக்கு எழும்பியது. கொம்பு ஆட்சிக்காலத்தில் அசோசியேஷன் பார்க்கிங்கின் தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் இழுத்திருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தோம்.

முதல் மாடிக்காரர் பிளம்பரின் செலவை யார் தருவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.