5 நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்!

விமான நிறுவனத்தின் அட்டவணைப் பிரிவு அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு,

பொருள்: சென்னை – பெங்களூரு விமானம் குறித்த நேரத்துக்கு முன்பே சேர்ந்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

மீனம்பாக்கத்திலிருந்து தேவனஹள்ளி நேர்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர். உங்கள் ஜெட் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. வகுத்தால் 20 நிமிடம். டிக்கெட்டில் இருந்ததோ 1 மணி 15 நிமிடம். மீதி 55 நிமிடம் எங்கே என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்ததும் ஓடத் தொடங்குகிற உங்கள் கடிகாரம், அங்கே போய்க் கட்டை வைத்த பிறகுதான் நிற்கும். அதற்குள் ஓடுபாதை வரை ஊர வேண்டும். முன்னால் நிற்பவர்கள் பறக்கும்வரை காத்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் இன்னொரு கூத்து. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும் என்பதால், மேற்கே இருக்கிற பெங்களூருக்குக் கிழக்கே கடலைப் பார்த்துக் கிளம்பி வளைந்து திரும்புகிறோம். ஏறி நிமிர்வதற்குள் இறங்கும் வேளை வந்துவிடும். சாண்ட்விச் விற்கும் பெண் நடைபாதையில் ஓட்டமும் நடையுமாகத்தான் போகிறார், பாவம்.

இத்தனைக்குப் பிறகும் வானத்தில் இருந்தது முக்கால் மணிகூட இல்லை. மிச்சத்தை நீங்கள் அட்டவணைக்குள்ளேயே முடிந்து வைத்திருக்கிறீர்கள். அதன் அருமை அன்றுதான் புரிந்தது. 20 நிமிடம் தாமதமாகக் கிளம்பினோம். 5 நிமிடம் முன்னதாகச் சேர்ந்தோம். ஒலிபெருக்கியில் அதைப் பெருமையோடு அறிவித்தார்கள். பக்கத்து இருக்கைப் பெரியவர் கைதட்டியே விட்டார். கிளம்பும்போது மன்னிப்புக் கேட்ட குரலும் அதே குரல்தான் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தாமதத்தை அளக்க உங்கள் துறையில் ஒரு தாராளமான வழக்கம் இருக்கிறது: 15 நிமிடத்துக்குள் பிந்தினால் அது தாமதமே இல்லை. நல்ல வழக்கம். ஆனால் பெட்டி போடும் கவுன்ட்டரை 60 நிமிடத்துக்கு முன்பே மூடுகிறீர்களே, அங்கே 59 நிமிடம் இருக்கும்போது மூச்சிரைக்க வந்து நின்ற ஒருவரிடம் இந்தத் தாராளத்தை யாரும் காட்டக் காணோம். அவர் பாவம், தன் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் வருவதற்கு அட்டவணையில் மிச்சம் பிடிக்கத் தெரியாதவர்.

பெங்களூரு விமான நிலையம் ஊருக்குள்ளிருந்து தேவனஹள்ளிக்குப் போனது 2008-இல். ஹெப்பாள் மேம்பாலத்தைக் கடந்து ஊருக்குள் நுழைவதற்குள் விமானத்தில் இருந்ததைவிட அதிக நேரம் காரில் இருந்துவிடுகிறோம். சென்ட்ரலில் காலையில் வந்தே பாரத் ஏறியவர் நாலரை மணி நேரத்துக்குள் பெங்களூரு நகருக்குள்ளேயே இறங்குகிறார். அவருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை. நான் செருப்பையும் பெல்ட்டையும் கழற்றி மாட்டியவன், அவ்வளவுதான்.

ஆகவே தாழ்மையான வேண்டுகோள். அடுத்த அட்டவணையில் இந்தத் தூரத்துக்கு 3 மணி நேரம் என்றே போட்டுவிடுங்கள். தினமும் ஒன்றே முக்கால் மணி முன்னதாகச் சேர்ந்த பெருமை உங்களுக்கு. கைதட்டப் பெரியவர் இருக்கிறார். அந்த 3 மணி நேரம் முடிவதற்குள் என் பெட்டியும் வந்துவிடக்கூடும்.

இப்படிக்கு,
4-ஆம் பெல்ட் அருகே நிற்கும் பயணி