தம்பி, கப்பல் எடுக்க முன்னம்

வாரும் தம்பி, இரும். பள்ளிக்கூட விடுமுறைக்குப் பெடியனையும் கூட்டிக்கொண்டு கப்பல் பயணம் போகப் போறீராம் எண்டு உம்மட மாமி சேர்ச் றோட்டு முருகன் கோயில்ல வைச்சுச் சொன்னவ. கோயில்ல சொல்லியாச்செண்டால் பாதி ஈஸ்ட்ஹாமுக்குத் தெரிஞ்சமாதிரி. இனி நீர் போகாமல் விட்டால், காசில்லையாம் எண்டு கதை கட்டுவாங்கள். அதால போறதோ விடுறதோ எண்ட கதையை விடுவம். எந்தக் கப்பல் எண்டதை மட்டும் பாப்பம்.

வல்வெட்டித்துறையானிட்டக் கப்பலைப் பற்றிக் கேக்க வந்தது நல்ல புத்தி. எங்கட ஊரில கட்டின அன்னபூரணி அம்மாள் நூறடி நீளமும் வராத பாய்க்கப்பல். 1938இல அது கடல் கடந்து அமெரிக்காவில குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதை வாங்கின றொபின்சன் எண்ட வெள்ளைக்காரர் தன்ர மனிசி புளோரன்சின்ர பேரைக் கப்பலுக்கு வைச்சவர். அதில நீச்சல் குளம் இல்லை, வைஃபை இல்லை. ‘போரடிக்குது’ எண்டு மூஞ்சியைத் தூக்கி வைக்கப் பதினைஞ்சு வயசுப் பெடியனும் இல்லை. சுகமாய்ப் போய்ச் சேர்ந்ததுக்கு அதுதான் காரணமெண்டு நான் நினைக்கிறன்.

உமக்கு ‘லக்ஸறி’ வேணும், என்ன? வேணும்தான். இருபது வருசம் இரவு வேலையும் சனி ஞாயிறும் எண்டு உழைச்ச மனிசன். பல்கனியில நிண்டு கோப்பி குடிக்கிற படம் ஒண்டு எடுத்து, கனடாவில இருக்கிற சகலனுக்கு அனுப்பவேணும். அதில பிழையில்லை. ஆனால் பெடியனிட்டக் கேட்டனீரோ? அவன்ர லக்ஸறி ரெண்டே ரெண்டு. ஒண்டு, அறுபடாத வைஃபை. மற்றது, நீரும் உம்மட மனிசியும் அவன்ர கண்ணில படாமல் இருக்கிறது.

பெடியனைப் பழிவாங்கத்தான் போறீரெண்டால் குயின் மேரி 2 எடும். சவுத்தாம்ரனில ஏறினால் நியூயோர்க்கில இறங்கும்வரை ஏழு இரவு. நடுவில கரையே இல்லை, தப்பியோட வழியில்லை. பெரிய நூலகம் இருக்கு, நட்சத்திரம் காட்டுற கோளரங்கம் இருக்கு. விசேச இரவுகளில கறுப்புக் கோட்டுப் போட்டு ‘போ’ டையோ நீள டையோ கட்டவேணும். உம்மட மனிசி கூறைச்சீலையோட இறங்கிவர, பெடியன் மேசைக்கடியில போனைப் பாத்துக்கொண்டிருப்பான். அந்தக் கப்பல்ல நாய்களுக்குத் தனிக்கூடும் இருக்கு. 2016இல திருத்தேக்கை, கூடுகளைக் கூட்டி, அமெரிக்க நாய்களுக்கு நியூயோர்க் தீயணைப்புத் தண்ணிக்குழாயும், இங்கிலீசு நாய்களுக்கு லிவர்பூல் விளக்குக்கம்பமும் நட்டு வைச்சிருக்கினம், கால் தூக்க வசதியாய். நாயின்ர மனசைப் படிச்ச கொம்பனி தம்பி! பெடியங்களுக்கும் இடம் ஒதுக்கித்தான் இருக்கினம், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்த அறைக்குள்ள அவன்ர வயசில எத்தினைபேர் இருப்பினம் எண்டதுதான் கேள்வி. ரெண்டு பேர் எண்டால், அதில ஒண்டு உம்மட பெடியன் எண்டால், அது அறையில்லை, மறியல்.

இதைத்தான் முதல்ல பாக்கவேணும். கப்பல் எவ்வளவு மினுங்குது எண்டதில்லை, பதினைஞ்சு வயசுக்காரர் எவ்வளவுபேர் ஏறுவினம் எண்டதுதான் கணக்கு. விளம்பரத்தில ‘அமைதியான பயணம்’ எண்டு கண்டால் பக்கத்தைத் திருப்பும். வைக்கிங்கின்ர கடற்கப்பலும் வேர்ஜினும் பதினெட்டுக்குக் கீழ ஏத்தவேமாட்டினம். பி அண்ட் ஓவை எடுத்தால் ஐயோனாவும் ஆர்வியாவும் குடும்பக் கப்பல். அதே கொம்பனியின்ர அரோராவும் ஆர்க்கேடியாவும் பெரியாக்களுக்கு மட்டும். கொம்பனிப் பேரைப் பாத்துக் காசு கட்டாதையும், கப்பலின்ர பேரைப் பாரும். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் மூண்டு கிழமை கூடியிருந்து கப்பல் தெரிவுசெய்து, சுற்றிவர எல்லாருக்கும் சொல்லி, கடைசியாய்ப் பிள்ளையின்ர பிறந்த திகதியை அடிக்கேக்கைதான் கொம்பியூட்டர் மாட்டன் எண்டு நிண்டது. பிறகு அந்தப் பிள்ளை அம்மம்மா வீட்டில நிண்டுது. அதுக்கு அதுதான் பெரிய லக்ஸறி.

சில்வர்சீ, சீபோர்ண் மாதிரிச் சின்னச் சொகுசுக் கப்பலுகள் உமக்கும் மனிசிக்கும் சொர்க்கம். ஆக்கள் சில நூறுபேர், கோப்பையைக் கீழ வைக்க முதல் நிரப்புவினம். பெடியனுக்கு அங்க கதைக்க ஆளில்லை. ஓய்வெடுத்த வைத்தியர்மார் அவனைப் பிடிச்சு வைச்சு ‘ஏ லெவலுக்கு என்ன எடுக்கப்போறீர்’ எண்டு கேப்பினம். அதைக் கேக்க ஈஸ்ட்ஹாமிலயே ஆக்கள் இருக்கு, கடலுக்குப் போகத் தேவையில்லை. அந்த ரகத்தில எக்ஸ்புளோறா எண்டால், ஆறு வயசிலயிருந்து பதினேழு வரைக்கும் எண்டு தனியிடம் வைச்சிருக்கு.

கள்ள வழி ஒண்டு சொல்லுறன். பெரிய கப்பலை எடும், அதுக்குள்ள சின்னக் கப்பலை எடும். எம்எஸ்சி கொம்பனிக் கப்பலுகளில ‘யொட் கிளப்’ எண்டு இருக்கு. சவுத்தாம்ரனில இருந்து ஓடுற வேர்ச்சுவோசாவிலயும் இருக்கு. தனிச் சாப்பாட்டுச்சாலை, தனிக் குளம், பட்லர், கதவு திறக்கத் தனி அட்டை. நீங்கள் ரெண்டுபேரும் அதுக்குள்ள ராசா ராணியாய் இருங்கோ. பெடியன் வெளியில ஆயிரக்கணக்கான சனத்துக்குள்ள பீட்ஸாத் துண்டோட திரியட்டும். பசிச்சால் வருவான். கரீபியன் பக்கம் போக வசதியெண்டால் மயாமியில இருந்து ஓடுற றோயல் கரீபியனின்ர ஐகன் இருக்கு. இருபது தட்டு, ஏழு குளம். அதில பிள்ளையைத் துலைக்கிறது சுகம், தேடுறதுதான் கஸ்ரம். டிஸ்னியெண்டால் பெடியன் சிரிப்பான், எலிக்கப்பல் எண்டு. உள்ளுக்குப் பாத்தால் பதினொண்டிலயிருந்து பதினாலுக்கு ஒரு இடம், பதினாலிலயிருந்து பதினேழுக்கு வேற இடம் எண்டு பிரிச்சு வைச்சிருக்கினம். பதினைஞ்சைப் பன்னிரண்டோட இருத்தினால் நடக்கிறது என்னவெண்டு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஊர்ப்பெயர் பட்டியலைக் கண்டு மயங்காதையும். ‘உரோம்’ எண்டு போட்டிருக்கும், இறக்கிவிடுறது சிவிற்றாவெக்கியாவில. அங்கையிருந்து உரோமுக்கு ரயிலில ஒரு மணித்தியாலம். கொழும்பு எண்டு சொல்லிப்போட்டுச் சிலாபத்தில இறக்கிற வேலை. விடிய எட்டு மணிக்குக் கப்பல் கட்டும். பெடியன் எழும்புறது பன்னிரண்டுக்கு. அவனை எழுப்பி, வெளிக்கிடுத்தி, பஸ்ஸில ஏத்தி... அந்தச் சண்டையை நீர் உம்மட வீட்டு மாடிப்படியில ஒவ்வொரு திங்கட்கிழமையும் காசில்லாமல் பாக்கிறீர். முதல் தரம் எண்டால் நோர்வே போம். சவுத்தாம்ரனில ஏறி ஏழு இரவு. ஆனி ஆடியில அங்க நடுச்சாமம் வரைக்கும் வெளிச்சம் நிக்கும். கெய்ராங்கர்ப் பக்கம் மலைக்கு நடுவில கப்பல் ஊர்ந்துபோகேக்கை, படுக்கையில கிடந்தபடி யன்னலால பாத்தாலே போதும். பன்னிரண்டுக்கு எழும்பிறவனுக்கு அதுதான் பொருத்தம்.

அறை விசயம் கவனம். மூண்டுபேர் ஒரு அறையெண்டால், இராவில கூரையிலயிருந்து ஒரு தட்டுக் கட்டில் இறங்கும், அதுதான் பெடியன்ர இடம். நீர் விடுற குறட்டை அவனுக்கு நேர கீழ. நடுக்கதவு வைச்ச ரெண்டு அறை எடுக்கேலுமோ, மலை தெரியாட்டிலும் பறவாயில்லையெண்டால் எதிர்ப்பக்கத்தில யன்னலில்லாத மலிவறை ஒண்டு அவனுக்குத் தருவினமோ எண்டு கேளும். கொம்பனிக்குக் கொம்பனி வயசுச் சட்டம் வேற. கப்பல் அட்டையில அவன் எவ்வளவு செலவழிக்கலாம் எண்டதையும் முதல் நாளே வரவேற்பு மேசையில சொல்லிக் கட்டிவிடும்.

இது உம்மட மனிசிக்கு: பிள்ளை, உனக்கு ஒண்டு. சோறு அவிக்கிற குக்கரைப் பெட்டிக்குள்ள ஒளிக்காதை. சூடாக்கிற சாமான் எல்லாம் ஸ்கானில பிடிச்சு எடுத்து, கடைசி நாள்தான் தருவாங்கள். இடிச்ச சம்பலை நல்லா ஒட்டின போத்தலில வை, வாங்கின மாதிரி இருக்கட்டும்.

பாஸ்போட்டையும் எடுத்துப் பாருங்கோ. பெடியன்ர கடைசிப் பேர் தேப்பன்ர பேர், தேப்பன்ர கடைசிப் பேர் பேரன்ர பேர். எங்களுக்கு விளங்கும், எல்லையில நிக்கிற வெள்ளைக்காரனுக்கு நீங்கள் மூண்டுபேரும் ஒரு வீட்டு ஆக்களெண்டு விளங்காது. பிறப்புப் பத்திரத்தின்ர பிரதி ஒண்டு கையில இருக்கட்டும்.

பள்ளிக்கூடம் நடக்கேக்கை போனால் மலிவெண்டு உம்மட மூளை வேலைசெய்யுறது எனக்குத் தெரியுது. 2024 ஆவணியிலயிருந்து இங்கிலாந்தில குற்றப்பணம் ஒரு பிள்ளைக்கெண்டு தாய்க்கு 80 பவுண், தேப்பனுக்கு 80 பவுண். இருபத்தொரு நாளுக்குள்ள கட்டாட்டில் ஆளுக்கு 160. அதையும் கூட்டிப்பாத்து ‘அப்பவும் லாபம்’ எண்டு சொல்லுற சனம் எங்கட தெருவில இருக்கு, நான் பேர் சொல்லன். ஆனால் பாரும், மற்றப் பிள்ளையள் எல்லாம் வகுப்பில இருக்கேக்கை உம்மட பெடியன் கப்பல்ல யாரோட திரிவான்? மலிவாய்ப் போய் மறியலில இருக்கிற கதைதான். விடுமுறையில போம், விலை கூடத்தான். வாற வருசம் ஜிசிஎஸ்ஈ சோதனை, அதுக்குப் பிறகு கூப்பிட்டாலும் உங்களோட வரமாட்டான்.

கடைசியாய், என்னைப் பற்றி. ‘ஐயாவையும் கூட்டிக்கொண்டு போவம்’ எண்டு உம்மட மனிசி சொன்னவவாம். நல்ல பிள்ளை. ஆனால் எனக்குச் சாகா கொம்பனிக் கப்பல் போதும். ஐம்பதுக்கு மேல உள்ள ஆக்களுக்கு. வாசலுக்குக் கார் வந்து ஏத்திக்கொண்டு போகும், பயணக் காப்புறுதியும் விலைக்குள்ள. பெடியங்களை ஏத்தமாட்டினம். உம்மட பல்கனியைக் கொஞ்சம் சின்னனாய் எடுத்தீரெண்டால் எனக்கொரு ரிக்கெற் காணும்.